நீக்கினால் நேரில் சொல்ல வேண்டும்

எங்கள் கால்பந்து விளையாட்டில் பந்து கிடையாது. மைதானமும் கிடையாது. ஐந்து பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மாவட்டத்தில் கால்பந்து ஆடுகிற ஆண்களையெல்லாம் அவர்களுக்கே தெரியாமல் பங்கு போட்டுக்கொள்வோம். அவர்கள் எங்கேயோ வெயிலில் ஓடி கோல் போடுவார்கள். நாங்கள் இங்கே ஃபேனுக்குக் கீழே ஜெயிப்போம், தோற்போம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகள் முழுக்க பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. இப்போது பிள்ளைகள் இதையே போனில் விளையாடுகிறார்கள், இதற்கு ஆங்கிலத்தில் பெயரெல்லாம் இருக்கிறதாம். இருக்கட்டும். எங்களிடம் இருந்த சட்டங்கள் அவர்களிடம் இல்லை.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். நான் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மூன்றாவது ஆள் மார்க்கெட் பக்கம் குடைக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து அண்ணாச்சி. நான்காவது, அடுத்த தெருவில் இருந்த பேங்க்காரர். அவருடைய சைவக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஆற்றுப்பாசனத்தில் வயல் இருந்தது. எங்கள் காலத்தில் வயலைப் பற்றிய பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. ஐந்தாவது, எங்கள் கோயிலில் போதகருக்கு உதவியாக இருந்து ஓய்வுபெற்ற உபதேசியார். சட்டம் இயற்றுவது அவர் வேலை. வேதபுத்தகத் தமிழில்தான் இயற்றுவார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரம் தீர்ந்துபோவதற்குள் உட்காருவோம். போலீஸ் டீம், மில் டீம், காலேஜ் டீம், கடற்கரை ஊர் டீம்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் ஆளுக்கு ஒருவராக முறைவைத்து எடுப்போம், பதினோரு பேர் சேரும்வரை. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. எடுத்த ஆள், நாமாக விடும்வரை வருடா வருடம் நம் ஆள்தான். அவர் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. ரெஃப்ரியைத் திட்டினால் புள்ளி போச்சு. கோடையில் காயல்பட்டினத்துப் போட்டி முடிகிற அன்றைக்கு எங்கள் வருடமும் முடியும். கணக்கெல்லாம் எங்கள் அடுக்களைக் கதவின் பின்பக்கம் சாக்பீஸில் இருக்கும்.

முதலில் நான் அதில் இல்லை. டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அண்ணன்மார் இருவர் பந்தாடிய வீட்டில் பிறந்தவள், வாய் சும்மா இருக்குமா? பேங்க்காரர் போலீஸ் டீமில் ஒரு பின்கள ஆளை எடுத்தபோது, டம்ளரை அவர் முன்னால் வைத்துக்கொண்டே, அந்த ஆளுக்கு இடது பக்கம் திரும்பவே வராதே என்று சொல்லிவிட்டேன். உபதேசியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்த அம்மைக்கும் ஒரு டீம் குடுத்துருவோம். இல்லன்னா டீ வரும்போதெல்லாம் நம்ம மானம் போவும்” என்றார். ஒரே வீட்டில் இரண்டு டீமா என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு இருக்கிறதல்லவா என்றேன். அன்றிலிருந்து டீயும் முறைவைத்துத்தான். பேங்க்காரர் போடும் டீயை மட்டும் யாராலும் குடிக்க முடியாது. அவர் முறை வருகிற வாரம் அண்ணாச்சி சோடா வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு சண்டையில் பிறந்தது. பேங்க்காரர் தன் அக்கா மகனை எடுத்துவிட்டு, மைதானத்தில் கோட்டோரமாக அவன் கூடவே ஓடினார். அதனால், சொந்தக்காரரை எடுக்கக் கூடாது. கல்யாணமான மாதத்தில் ஓர் ஆள் கோல் போட்டால் அது இரண்டு கோல். விருந்துச் சாப்பாட்டோடு ஓடுவது லேசா என்று அண்ணாச்சி வாதாடி வாங்கிய சட்டம் அது. நம் ஆளுக்கு அடிபட்டால் பழம் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் அந்த ஆள் நம் ஆள் இல்லை. வருடக் கடைசியில் விருந்து உண்டு. கடைசி இடம் வந்தவர் பரிமாற வேண்டும். முதல் இடம் வந்தவர், எல்லாரும் கை கழுவும்வரை ஜெயித்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டத்தில்தான் எல்லாரையும்விட என் வீட்டுக்காரர் அதிகம் அவதிப்பட்டார்.

தொடர்ந்து மூன்று வருடம் கடைசி வந்தால் ஒரு வருடம் டீம் கிடையாது, வருடம் முழுக்க டீ போட வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது நான்தான். என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் அடியில் கிடந்த சமயம். என்ன குஷியாகக் கொண்டுவந்தேன் என்கிறீர்கள். அந்த மனிதர் மூன்றாம் வருடம் தப்பிவிட்டார்.

இனி முக்கியமான சட்டம். அண்ணாச்சி ஒரு வருடம் தன் கோல்கீப்பரை நீக்கிவிட்டு வேறு ஆளை எடுத்தார். அந்தக் கோல்கீப்பர் அண்ணாச்சி கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். தான் ஒரு டீமில் இருந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது, தூக்கி எறியப்பட்ட விஷயம்தான் முதலில் தெரிந்தது. ரொம்ப மனத்தாங்கல். அதற்குப் பிறகு மழையில் நனைந்துகொண்டே அண்ணாச்சி கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் குடை வாங்கினார். அண்ணாச்சிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. உபதேசியார் எழுந்து நின்று சட்டம் சொன்னார்: ஒருவனைச் சேர்க்க அவனைக் கேட்கவேண்டியதில்லை. ஆனால் நீக்கினால், அவன் இருக்கும் இடத்துக்குப் போய், முகத்தைப் பார்த்து, நம் வாயால் சொல்ல வேண்டும். கூட இன்னொருவர் சாட்சியாக வர வேண்டும். சொல்லி முடிக்கும்வரை சாட்சி பேசக் கூடாது.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது. அன்றோடு எங்கள் விளையாட்டு உறைந்துபோயிற்று. யாரும் யாரையும் நீக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் டீமில் இருந்த போலீஸ்காரர் ஒருவரிடம் சொல்லப் போனார். அவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, என்ன புகார் என்று கேட்டதும், இவர் ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டார். பேங்க்காரர் போன வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைக்கிற விழாவுக்கு அழைப்போடு திரும்பினார். ஆட்டக்காரர்களுக்கு வயதாயிற்று, வேலை உயர்ந்தது, தொந்தி விழுந்தது. அவர்களோடு சேர்ந்து எங்கள் ஐந்து டீமுக்கும் தொந்தி விழுந்தது. புதிதாக வந்த பையன்கள் கோல் கோலாகப் போட்டார்கள். கதவில் அவர்கள் பெயர் இல்லை.

என் டீமில் முதலில் எடுத்த ஆள் புன்னக்காயல்காரர். ஆறு கடலில் சேருகிற இடத்து மீன்பிடி ஊர். அந்த ஊர் டீமின் முன்கள ஆட்டக்காரர். பாளையங்கோட்டை மைதானத்தில் அவர் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனதைப் பார்த்த அன்றைக்கே மனதில் குறித்து வைத்துவிட்டேன். என் முதல் முறை வந்தபோது ஒரு நொடி யோசிக்கவில்லை. ஒரு வருடம் அவருக்குக் காறை எலும்பு உடைந்து தூத்துக்குடியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சட்டப்படி ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை பழத்தோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. “அப்ப நான் ஒங்க ஆளாக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எலும்பு உடைந்த வலியோடு சிரித்தார். அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் ஆட வரும்போதெல்லாம், கோல் போட்டதும் கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு கையைத் தூக்குவார். மைதானமே திரும்பிப் பார்க்கும். எனக்கு அந்த வாரம் முழுக்க டைப் அடிப்பது பாட்டு மாதிரி இருக்கும்.

அவருக்கும் வயதாயிற்று. கோல் குறைந்தது, பிறகு நின்றது. சட்டை போட்டுக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்திருப்பார், ஆட இறங்க மாட்டார். முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசி வந்தேன்.

மூன்றாம் வருடம் ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, கதவைத் திறந்து பார்த்தால் மறுபடி நான்தான் அடியில். மிச்சம் இருந்தது காயல்பட்டினத்துப் போட்டி மட்டும். “சீனி எந்த டப்பாவுல இருக்குன்னு மறந்துராதட்டி” என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுரீரென்று வந்தது. ஆபீசில் நான் பிறர் எழுதியதை அடிக்கிறவள். வீட்டில் பிறர் சாப்பிடச் சமைக்கிறவள். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் நான் சொன்னதை நான்கு பேர் காது கொடுத்துக் கேட்டார்கள், மறுத்தார்கள், கோபப்பட்டார்கள். ஒரு வருடம் வெளியே என்றால், என் வீட்டிலேயே மறுபடி டம்ளரை வைத்துவிட்டுப் போகிறவளாக ஆகிவிடுவேன். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மேற்கே மலையடிவாரத்து மில் டீமில் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். ஆடிய ஆட்டமெல்லாம் கோல். யாரும் எடுக்காமல் சும்மா கிடந்தான். புன்னக்காயல்காரரை நீக்கிவிட்டு அவனை எடுக்கிறேன் என்றேன்.  நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், எனக்குப் போன வாடிக்கை இன்றுவரை திரும்பவில்லை என்றார் அண்ணாச்சி. யோசித்துவிட்டேன் என்றேன். சாட்சிக்கு என் வீட்டுக்காரர் தானாகவே கையைத் தூக்கினார். நான் வாயடைத்து நிற்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். சாட்சி பேசக் கூடாது என்றால் சொல்கிற இடத்தில் பேசக் கூடாது, அவ்வளவுதான். இவர் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலேயே வாயை மூடிவிட்டார். டிக்கெட்டுக்குக்கூட விரலைக் காட்டினார். சண்டை போட ஆள் இல்லாமல் நான் தனியாக உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கலாமா? எல்லாருக்கும் ஒரு காலம் உண்டு என்று தொடங்கலாமா? எதைச் சொல்லிப் பார்த்தாலும் துக்கம் விசாரிக்கிற மாதிரியே இருந்தது. ஏரல் தாண்டி, ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பக்கத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். உப்பளங்கள் வழியாக அது எங்களைக் கொண்டுபோய் மாதா கோயிலுக்கு அருகில் இறக்கிவிட்டது. வீட்டை விசாரித்தபோது நாலைந்து பேர் கூடவே வந்து காட்டினார்கள்.

அவர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “எனக்கு ஒண்ணும் அடிபடலியேக்கா. யாரு சொன்னா?” என்று கையையும் காலையும் ஆட்டிக் காண்பித்தார். அடிபட்டால்தான் நான் வருவேன் என்று அவருக்கு மனப்பாடம். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சும்மாதான் வந்தோம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

சும்மா வந்தவர்களை அந்த ஊரில் சும்மா விட்டுவிடுவார்களா? அவர் மனைவி குசினிக்குள் போனவள்தான், பாறை மீன் குழம்பும் பொரியலுமாகத்தான் வெளியே வந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரரிடம் குழம்பு ஊற்றவா என்று கேட்டாள். தலையாட்டினார். மீன் வைக்கவா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். எங்கே வேலை என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். அவள் என் பக்கம் குனிந்து, “பொறந்ததுல இருந்தே பேச்சு இல்லியாக்கா?” என்று கேட்டாள். எனக்குப் புரை ஏறிவிட்டது. அதை அழுகை என்று நினைத்துக்கொண்டு, பாவம், இன்னும் இரண்டு துண்டு மீனை அவருக்கு வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்தது. கடலைப் பற்றிப் பேசினோம், மீன் வரத்தைப் பற்றிப் பேசினோம், ஆற்றில் தண்ணீர் குறைந்ததைப் பற்றிப் பேசினோம். அவரும் கால்பந்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக மூச்சுக்கு மூச்சு அதைத்தான் பேசுகிறவர். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செருமினார். செருமல் பேச்சில் சேருமா என்று சட்டத்தில் இல்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எழுந்து நின்று சொன்னேன்.

“தம்பி, ஒங்கள என் டீம்ல இருந்து எடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். அவர் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றுவிட்டாள். எனக்கு அப்படியே இறங்கித் தெருவில் போய்விடலாமா என்று இருந்தது.

“இதுக்காவா ரெண்டு பஸ் மாறி வந்திய?” என்று கேட்டார்.

ஆமாம், எங்கள் சட்டம் அப்படி என்றேன். யாரையாவது நீக்கினால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். கழுவிய பிறகும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சைக்கிள் எண்ணெயைத் துணியில் துடைத்தார். பிறகு பேசினார், என்னைப் பார்த்துத்தான், ஆனால் ரொம்ப நாளாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்கிறவர் போல.

“போன வருசத்துல இருந்து எங்க டீம்லயும் என்னய ஆட விடுதது இல்லக்கா. சட்டையத் தாராவ. வேன்ல கூட்டிட்டுப் போறாவ. ஓரத்துல ஒக்கார வைக்காவ. ஏம்லேன்னு கேட்டா கேப்டன் வேற பக்கம் பாக்கான். நீ வேண்டாம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டுக்காவ. நானும் மேச்சுக்கு மேச்சு பூட்ஸத் தொடச்சுத் தூக்கிட்டுப் போறேன்.”

முழங்கால் வலி இல்லையா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். காலுக்கு ஒன்றுமில்லை என்றார்.

“நானே சொல்லணும்னு நெனச்சேன். எனக்கு வாய் வரல” என்றாள் அவர் மனைவி. சொல்லிவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நீங்க சொல்லிட்டிய” என்றார் என்னிடம். “நல்லதுக்கா. இனி நான் பைய வேற சோலியப் பாப்பேன்.”

எனக்கு வருத்தம்தான், ஆனால் அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது. நான் ஒருவரைக் காயப்படுத்தப் போகிறேன் என்று நினைத்து வந்தேன். காயம் முன்னாலேயே ஆகியிருந்தது. அதற்கு ஒரு வருடமாக யாரும் பழம் வாங்கிக்கொண்டு போகவில்லை.

தன் இடத்தில் யாரை எடுத்திருக்கிறேன் என்று கேட்டார். மில் பையனைச் சொன்னேன். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, நல்ல ஆள்தான், முன்னாலேயே எடுத்திருக்கலாமே, இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று என்னைக் கடிந்துகொண்டார். சாட்சியின் வேலை அதோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “கொழம்பு பிரமாதமா இருந்துச்சும்மா” என்றார். அவள் கையை மார்பில் வைத்துக்கொண்டு, மாதாவே என்று சுவரோடு ஒட்டிவிட்டாள். புன்னக்காயல்காரர் முதலில் சிரித்தார், பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பஸ் ஏறும்வரை கூட வந்தார்.

அடுத்த வாரம் அவர் தன் சட்டையைத் துவைத்து மடித்து, கேப்டன் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். இது அண்ணாச்சி கொண்டுவந்த செய்தி. கேப்டன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லையாம். சட்டையை வாங்கி உள்ளே வைத்தானாம்.

காயல்பட்டினத்துப் போட்டி தொடங்கியது. அந்த மைதானத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியில் அவர் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டேன். புன்னக்காயல்காரர் கீழே மைதானத்தில் என் வீட்டுக்காரருக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாராம், வெறும் சட்டை வேட்டியில். மில் பையன் கோல் போட்டபோது, இது அக்கா டீம் கோல் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினாராம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம். மில் டீம் இறுதிவரை வந்தது. நான் அடியிலிருந்து மேலே ஏறினேன். ஏறினேன் என்றால் ஒரே ஒரு படிதான். என் வீட்டுக்காரர் கீழே போய்விட்டார். அது போதும் எனக்கு.

விருந்து எங்கள் வீட்டில். பேங்க்காரருக்காக எப்போதும் சொதிதான், தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சிப் பச்சடியோடு. கறி இல்லாத விருந்து என்ன விருந்து என்று அண்ணாச்சி வருடா வருடம் சொல்லிக்கொண்டே எல்லாரையும்விட ஒரு கை அதிகம் சாப்பிடுவார். அந்த வருடம் புன்னக்காயல்காரரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பரிமாறினார். புன்னக்காயல்காரர் மனைவி வேண்டுமென்றே ஒன்றுக்கு நான்கு முறை சொதி கேட்டாள், அவரும் வாயைத் திறக்காமல் தலையாட்டிக்கொண்டே ஊற்றினார். முதல் இடம் வந்திருந்த பேங்க்காரர் ஜெயித்ததைச் சொல்ல முடியாமல் ஆற்றுப்பாசனத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்ததும் புன்னக்காயல்காரர் கேட்டார், அடுத்த வருடம் தனக்கும் ஒரு டீம் கிடைக்குமா என்று. எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தோம். ஆடுகிறவருக்குத்தான் டீம் இல்லை, ஆட்டத்தை விட்டவருக்கு உண்டு என்று அந்த இடத்திலேயே ஒரு சட்டம் பிறந்தது. புதிதாக வருகிறவருக்கே ஆள் எடுக்க முதல் முறை என்று இன்னொன்றையும் சேர்த்தார்.

அந்த மழைக்காலத்தில் மற்றவர்களும் துணிந்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள், போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், ஒருவர் தன் மகனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் டீம்கள் இளைத்து உருப்படியாயின. எனக்கும் அந்த வருடம் முழுக்க மனது லேசாகவே இருந்தது.

ஜனவரியில் ஆறு பேராக உட்கார்ந்தோம். முந்திரிக்கொத்து இன்னும் பாதி டப்பா இருந்தது. முதல் முறை புன்னக்காயல்காரருக்கு. காலேஜ் டீமில் ஒரு புதுப் பையனைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவனைத்தான் எடுப்பார் என்று நாங்கள் ஐந்து பேரும் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தோம். அவர் தன் ஊர் கேப்டனின் பெயரைச் சொன்னார்.

காது கேட்காத மாதிரி எல்லாரும் அவரையே பார்த்தோம். கேப்டன் நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் அவன் காலமும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மூன்று வருடம் தாண்டுவானா என்பதே சந்தேகம். அதோடு, அவன் செய்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. “அவனயா? என்னத்துக்குவே?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“அவனுக்கும் வயசாவுதுலா அண்ணாச்சி” என்றார் அவர். “நாளைக்கு அவனுக்குச் சொல்ல அங்கன ஒரு ஆளும் இருக்காது, கேட்டியளா. ஒருத்தராவது போவணும்லா.”